நெஞ்சில் நிற்கும் கவளம்

உண்ணும்போது புரையேறினால், யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பது நம் இல்லங்களின் வழக்கம். தலையில் தட்டி ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தால் அது அடங்கிவிடும். நாம் இங்கு எழுதப் புகுவது அவ்வாறு வந்து போகும் புரையைப் பற்றியன்று. விழுங்கிய சோறு தொண்டையைக் கடந்த பின்னும் மார்பின் நடுவே தங்கி நிற்பது போன்ற உணர்வு. தண்ணீர் குடித்துத் தள்ளினால்தான் இறங்கும் நிலை. நாள் செல்லச் செல்லச் சோற்றை விட்டுக் கஞ்சிக்கும், கஞ்சியை விட்டு நீராகாரத்துக்கும் வந்து சேரும் துன்பம். இதனைப் பற்றியே எழுதுகிறோம்.

இத்துன்பம் வந்தவுடன் தொண்டையைச் சந்தேகிக்கிறோம், வயிற்றைச் சந்தேகிக்கிறோம், வாயுத் தொல்லை என்று கூறி ஓமத் தண்ணீர் குடிக்கிறோம். இருதயத்தைச் சந்தேகிப்பவர் மிகச் சிலரே. ஆயினும், இருதயத்தின் ஓர் அறை அளவுக்கு மீறிப் பெருத்து, உணவு செல்லும் பாதையை நெருக்குவதாலும் இவ்வாறு நேரலாம். இது அடிக்கடி காணப்படுவதன்று என்பது உண்மையே. ஆனால், அவ்வறை பெருப்பதற்குக் காரணமாகும் நோய் நம் நாட்டில் அரிதானதன்று. அது பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில், ஒரு குழந்தையின் தொண்டை வலியில் தொடங்குகிறது. தொண்டையில் தொடங்கி, இருதயத்தைப் புண்படுத்தி, பல ஆண்டுகளுக்குப் பின் உணவின் பாதையையே அடைக்கும் இந்நோயின் போக்கைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம். ஏனெனில், அதனைத் தொடக்கத்திலேயே தடுத்து நிறுத்த நம்மால் இயலும்.

இருதயமும் உணவுக்குழாயும்

உணவுக்குழாய் என்பது ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். தொண்டையில் தொடங்கி, மூச்சுக்குழாயின் பின்புறமாக இறங்கி, இருதயத்தின் பின்னே சென்று, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைக் கடந்து இரைப்பையை அடைகிறது. இருதயத்தின் நான்கு அறைகளுள் மிகவும் பின்புறமாக அமைந்திருப்பது இடது மேலறை. அதன் பின்சுவரும் உணவுக்குழாயின் முன்சுவரும் ஏறக்குறைய ஒட்டியே உள்ளன. இடையே இருப்பது மெல்லிய உறையும் சிறிது கொழுப்பும் மட்டுமே. உணவுக்குழாய்க்குப் பின்னால் முதுகெலும்பு நிற்கிறது.

நுரையீரலில் தூய்மை பெற்ற இரத்தம் முதலில் வந்து சேரும் இடம் இந்த இடது மேலறையாகும். முன்னிருந்து பின்னாக அளந்தால், உடல்நலமுள்ள ஒருவரிடம் அது பொதுவாக 4 செ.மீ.க்கு மேற்படுவதில்லை. நோயினால் அது 6, 7 செ.மீ. என விரிவதுண்டு, சிலரிடம் 8 செ.மீ.க்கும் மேலாக வளர்ந்துவிடுகிறது. முன்புறம் மார்பெலும்பு இருப்பதால், பெருக்கும் அறை பின்னோக்கியும் பக்கவாட்டிலும் விரிகிறது. அங்கே அதன் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது உணவுக்குழாய்தான்.

ஆயர் முடியைப் போன்ற வால்வு

இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இரண்டு இதழ்களைக் கொண்ட வால்வு ஒன்று உள்ளது. மருத்துவர்கள் அதனை மைட்ரல் வால்வு என்பர். இப்பெயரின் வரலாறு நம் வாசகர்களுக்குச் சுவை தருவதாகும். திருப்பலியில் ஆயர் தம் தலையில் அணியும், முன்னும் பின்னும் இரு முனைகளாக உயர்ந்து நிற்கும் முடியை நாம் அறிவோம். அதனை இலத்தீன் மொழியில் மித்ரா என்பர். மனித உடலின் அமைப்பைப் பற்றி 1543-இல் பெருநூல் வெளியிட்ட ஆந்திரேயாஸ் வெசாலியுஸ், இவ்வால்வின் வடிவத்தை ஆயரின் முடிக்கு ஒப்பிட்டார். அவ்வொப்புமையே பெயராக நிலைத்துவிட்டது.

நன்றாக இயங்கும் மைட்ரல் வால்வு திறக்கும்போது அதன் வாய் 4 முதல் 6 சதுர செ.மீ. வரை அகலமுடையதாக இருக்கும். ருமாட்டிக் காய்ச்சல் என்னும் நோயினால் இதழ்களின் ஓரங்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது அவ்வாய் சுருங்குகிறது. 1.5 சதுர செ.மீ. அளவுக்கோ அதற்கும் கீழோ சுருங்கிவிட்டால் அது கடுமையான சுருக்கம் எனப்படும். கதவு சரியாகத் திறவாத அறையில் கூட்டம் தேங்குவதுபோல, இரத்தம் மேலறையில் தேங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் ஏற ஏற அறை விரிகிறது. வால்வு சரியாக மூடாமல் இரத்தம் திரும்பக் கசிவதாலும் அவ்வாறே விரிவதுண்டு. முதியோரிடம் நெடுநாளைய இரத்த அழுத்தம், இருதயத் தசையின் தளர்ச்சி, மேலறை ஒழுங்கின்றித் துடித்தல் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம்.

மேலறை பெருத்தவர் எல்லாருக்கும் விழுங்குதல் தடைப்படுவதில்லை. உணவுக்குழாய் மென்மையானது, அழுத்தம் வரும்போது ஒரு பக்கமாக விலகி வழிவிடும் இயல்புடையது. விலக இடமின்றி, பெருத்த இருதயத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும்போதுதான் தடை உண்டாகிறது. முதுமையில் முதுகு கூனியவர்களிடம் இவ்விடைவெளி குறைந்துவிடுவதால், அவர்களுக்கு இத்தொல்லை எளிதில் நேர்கிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இட்லி, சோறு, இறைச்சி போன்ற கெட்டியான உணவு இறங்க மறுத்து, நீர் உணவு மட்டும் எளிதாகச் செல்வது முதல் அறிகுறி. இதனோடு மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குதல், இரவில் படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்காருதல், நெஞ்சு படபடத்தல், கால் வீங்குதல், இருமலில் இரத்தம் காணுதல் ஆகியவை சேர்ந்திருப்பின் இருதயத்தை உடனே சோதிக்க வேண்டும்.

குரல் கம்மிப்போவதும் இதன் உறவினதே. குரல்வளையை இயக்கும் இடது நரம்பு, மார்புக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலே ஏறுகிறது. மேலறை பெருத்து, நுரையீரலுக்குச் செல்லும் தமனியும் விரியும்போது அந்நரம்பு நசுங்கிக் குரல் மாறிவிடுகிறது. மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் இதனைக் கண்டு 1897-இல் எழுதியவர் வியன்னா நகர மருத்துவர் நார்பர்ட் ஆர்ட்னர். இன்றும் இக்குறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

உணவுக்குழாய் நோயற்றிருந்தும், அண்டையிலுள்ள உறுப்பினால் விழுங்குதல் தடைப்படலாம் என்பதை மருத்துவ உலகம் இதற்கும் நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பேஃபோர்டு 1794-இல் அச்சேறிய கட்டுரை ஒன்றில், பல்லாண்டுகள் விழுங்க இயலாது துன்புற்று இறந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். இறந்த பின் உடலைச் சோதித்தபோது, வலக் கைக்குச் செல்லும் தமனி பிறவியிலேயே தவறான வழியில் சென்று உணவுக்குழாயை நெருக்கியது தெரிய வந்தது. அன்று அதனை உயிரோடிருக்கையில் கண்டறிய வழியில்லை. இன்று வழிகள் உள்ளன.

கண்டறியும் முறைகள்

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுகிறோம். விழுங்கும் தடைக்குக் காரணங்கள் பல. உணவுக்குழாயில் தோன்றும் புற்றுநோய், இரைப்பை அமிலம் மேலேறிப் புண்ணாக்குவதால் வரும் சுருக்கம், இரத்தசோகையுள்ள பெண்களுக்குத் தொண்டையில் உண்டாகும் மெல்லிய சவ்வு, பக்கவாதம் ஆகியவை அவற்றுள் சில. ஆகவே, நடுவயதுக்கு மேற்பட்டவர்க்குப் புதிதாக விழுங்கும் தடை தோன்றினால், மருத்துவர் முதலில் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்துகொள்வார். அதற்காகக் குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி சோதனையைச் செய்வார். உட்சுவரில் புண்ணோ கட்டியோ இல்லாமல், வெளியிலிருந்து ஏதோ ஒன்று அழுத்துவதும், அவ்வழுத்தம் இருதயத் துடிப்போடு சேர்ந்து துடிப்பதும் அச்சோதனையில் சில வேளைகளில் தென்படும்.

சுண்ணாம்புக் கரைசலைப் போன்று வெண்மையாக இருக்கும் பேரியம் கலந்த நீரைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பது மற்றொரு முறை. முற்காலத்தில் மருத்துவர்கள் இடது மேலறை எவ்வளவு பெருத்துள்ளது என்பதை அறிவதற்கே இம்முறையைக் கையாண்டனர். பக்கவாட்டுப் படத்தில், நேராக இறங்க வேண்டிய வெண்கோடு இருதயத்தின் பின்னே வில்போல வளைந்திருந்தால் மேலறை பெருத்துள்ளது என்று கண்டுகொண்டனர்.

1953-இல் சுவீடன் நாட்டின் லுண்டு நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலார் ஹெல்முத் ஹெர்ட்ஸும் சேர்ந்து, கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசலைக் கண்டறியப் பயன்பட்ட ஒலியலைக் கருவியைக் கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய எக்கோ சோதனை. வலியின்றி, ஊசியின்றி, அறையின் அளவையும் வால்வின் வாயையும் அது காட்டிவிடும். மேலறைக்குள் இரத்தம் உறைந்துள்ளதா என்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால், எக்கோ கருவியையே உணவுக்குழாய்க்குள் இறக்குகின்றனர். நோயாளிக்குத் துன்பம் தரும் அதே நெருக்கம் இங்கே மருத்துவருக்குச் சாளரமாகிறது.

தொண்டை வலியும் இருதயமும்

இனி நோயின் வேருக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமிகளுள் ஒருவகை, 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளின் தொண்டையைப் பெரிதும் தாக்குகிறது. இடநெருக்கடி மிகுந்த வீடுகளிலும் விடுதிகளிலும் அது எளிதில் பரவுகிறது. திடீரெனத் தொண்டை வலி, காய்ச்சல், விழுங்குகையில் நோவு, கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவை இதன் குறிகள். சளியும் இருமலும் பெரும்பாலும் இரா. தொண்டை வலி யாவும் இக்கிருமியால் வருவன அல்ல. பெரும்பாலானவை தாமாகவே ஆறுபவை. ஆனால், இது எவ்வகை என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரேயன்றி நாம் அல்லோம்.

தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்கள் சென்ற பின், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மீண்டும் வருகிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டு மாற்றி மூட்டு வீங்கி வலிக்கிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காப்புப்படை, தன் உறுப்புகளையே தவறாகத் தாக்குவதால் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதுவே. மூட்டு வலி சில வாரங்களில் சுவடின்றி மறைகிறது. பிள்ளை வளரும் வயதில் கால் வலி சகஜம் என்று பெற்றோரும் மறந்துவிடுகின்றனர். இருதய வால்வில் ஏற்பட்ட புண்ணோ மறைவதில்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் சென்ற பின், அப்பிள்ளை தாயாகும் வயதில் மூச்சு வாங்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. கருவுற்ற காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுவதால், அதுவரை மறைந்திருந்த வால்வு நோய் அப்போது தலைதூக்குவது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இவ்விருதய நோயுடன் வாழ்வோர் உலகெங்கும் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர். ஆண்டுதோறும் இதனால் இறப்போர் சுமார் 3,60,000 பேர். இதனைத் தடுக்க நாடுகள் முனைய வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு மே மாதம் கூடிய உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் இயற்றியது. செல்வ நாடுகளில் பெரிதும் மறைந்துவிட்ட இந்நோய், ஏழை மக்களிடம் இன்றும் தங்கியிருக்கிறது.

சிகிச்சை

1925-இல் இலண்டனில் ஹென்றி சௌட்டர் என்னும் அறுவை மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் துடிக்கும் இருதயத்தின் மேலறைக்குள் தம் விரலை நுழைத்து மைட்ரல் வால்வை விரித்தார். அவள் பிழைத்தாள், எனினும், அச்சத்தால் மற்ற மருத்துவர்கள் அவரிடம் வேறு நோயாளிகளை அனுப்பவில்லை. 1948-இல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லி, டுவைட் ஹார்க்கன் ஆகியோரின் வெற்றிக்குப் பிறகே இவ்வறுவை உலகெங்கும் பரவியது. நம் தமிழகத்தின் பங்கும் இதில் சிறியதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஸ்டான்லி ஜான் குழுவினர், இவ்வறுவை செய்துகொண்ட 3,724 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து 1983-இல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர்.

1982-இல் ஜப்பானியரான கான்ஜி இனோவே, மார்பைத் திறவாமலேயே வால்வை விரிக்கும் முறையைக் கண்டார். தொடையின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை வால்வின் நடுவே ஊதினால், ஒட்டிய இதழ்கள் பிரிந்து வழிவிடுகின்றன. நோயாளி சில நாள்களில் வீடு திரும்பிவிடலாம். வால்வில் சுண்ணம் படிந்திருந்தாலும், கசிவு மிகுந்திருந்தாலும், மேலறையில் இரத்தம் உறைந்திருந்தாலும் இம்முறை பொருந்தாது. அப்போது வால்வையே மாற்ற நேரிடும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டதால், அயல்நாட்டு வால்வையே நம்பியிருந்த நிலை மாறியது.

வால்வின் தடை நீங்கி மேலறையின் அழுத்தம் தணிந்தால், விழுங்கும் தொல்லையும் பலருக்குக் குறைகிறது. அறுவைக்கு உடல் இடந்தராத முதியோருக்கு, நீரை வெளியேற்றும் மருந்துகளும் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளும் ஓரளவு உதவும். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தையும் தவறாமல் உண்ண வேண்டும்; பெருத்த மேலறையில் உறையும் இரத்தம் மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும்.

உணவை நன்கு குழைத்து, சிறு கவளங்களாக, நிமிர்ந்து அமர்ந்து, அவசரமின்றி உண்ண வேண்டும். உண்டவுடன் படுக்கலாகாது. மாத்திரைகளிலும் விழிப்பு வேண்டும். இருதய நோயாளிகளுக்குத் தரப்படும் பொட்டாசியம் மாத்திரைகள் நெருக்கப்பட்ட உணவுக்குழாயில் தங்கி, அங்கே புண்ணை உண்டாக்கியதை 1970-ஆம் ஆண்டளவிலேயே மருத்துவ ஏடுகள் எழுதியுள்ளன. மாத்திரை இறங்கவில்லை என்றால் அதனை மருத்துவரிடம் கூறினால், நீர்மருந்தாக மாற்றித் தருவார். படுத்த நிலையில், தண்ணீரின்றி மாத்திரை விழுங்குவது எவர்க்கும் ஆகாது.

குடும்பத்தாரின் கடமை

மருத்துவமனைக்கு வெளியே, நம் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை சில உள.

முதலாவது, பிள்ளையின் தொண்டை வலியையும் காய்ச்சலையும் அற்பமாக எண்ணாதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டை வலிக்கு, அது தொடங்கிய 9 நாள்களுக்குள் பெனிசிலின் மருந்தைத் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க இயலும். மருத்துவர் குறித்த நாள்கள் முழுவதும் மருந்து கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டது என்று பாதியில் நிறுத்தலாகாது.

இரண்டாவது, ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மீண்டும் அது வராதிருக்க, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடப்படுகிறது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு மேலும் சிதைகிறது என்பதே காரணம். வால்வு கெட்டிருந்தால் குறைந்தது 10 ஆண்டுகளோ, 40 வயது வரையோ, எது நீண்டதோ அதுவரை ஊசி தொடர வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு மாற்று மருந்துகளும் உண்டு. இவ்வூசி வலிமிகுந்தது, பிள்ளை அழும், பள்ளி நாள் வீணாகும், கூலி நாள் வீணாகும். அவ்வருத்தங்களை நாம் அறியாதவர்கள் அல்லர். எனினும், விட்டுப்போகும் ஊசி ஒவ்வொன்றும் இருதயத்தைக் காவலின்றி விட்டுவைக்கிறது.

மூன்றாவது, மணம் பேசும் காலம் வந்ததும் மகளின் நோயை மறைக்க வேண்டி ஊசியை நிறுத்திவிடும் பெற்றோர் உளர். புகுந்த வீட்டில் வாய் திறக்க அஞ்சி, அவளும் மாத்திரையை விட்டுவிடுகிறாள். பின்னர், கருவுற்ற ஆறாம் ஏழாம் மாதத்தில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும்போது, மறைத்ததின் விலை இரண்டு உயிர்களாகிவிடக்கூடும். வால்வு நோய் உள்ள பெண், மருத்துவரின் கண்காணிப்பில் நலமாக மணவாழ்வு நடத்த இயலும். சிலருக்குக் கருவுறுமுன்பே வால்வைச் சீர்செய்ய வேண்டியிருக்கும். திருமணம் பேசுவோர் உண்மையைக் கூறுவதும், கேட்போர் அதனைக் குற்றமாகக் கருதாதிருப்பதும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அழகு.

நான்காவது, வீட்டிலுள்ள பெண்கள் உண்பதைக் கவனியுங்கள். நம் இல்லங்களில் தாய் கடைசியாக, அடுக்களையில் தனித்து உண்கிறார். அவர் சோற்றை ஒதுக்கிக் கஞ்சி குடிப்பதையும், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பதையும் காண்பார் இல்லை. தவக்காலமாயின், ஒருசந்தி என்ற ஒரு சொல்லில் அது முழுவதும் மறைந்துவிடுகிறது. உடல் இளைத்து, சேலை தளர்ந்த பிறகே பிள்ளைகள் கேட்கின்றனர். நோன்பு உள்ளத்தால் ஏற்பது. உணவு இறங்காமையால் வருவது நோன்பன்று, நோய். இரண்டு வாரங்களுக்கு மேல் உணவு இறங்கத் தடைப்பட்டால், எவராயினும் மருத்துவரைக் காண வேண்டும். இளமையில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டதுண்டா, முன்பு எவரேனும் இருதயத்தில் இரைச்சல் இருப்பதாகக் கூறினரா என்பதை அங்கே மறவாது சொல்லுங்கள். அவ்வொரு செய்தி மருத்துவரைச் சரியான வழியில் திருப்பிவிடும்.

வாரத்தில் ஒரு வேளையேனும் குடும்பத்தார் அனைவரும், சமைத்த தாயும் உட்பட, ஒன்றாக அமர்ந்து உண்ணுமாறு கேட்டுக்கொள்கிறோம். யார் எதை ஒதுக்குகிறார், யாருக்கு எது இறங்கவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.